ஒரே மண், இரண்டு கணக்கு: ரோம் டென்னிஸ் போட்டியில் சமத்துவம்

1. கேள்வி

ஆண்டுதோறும் மே மாதத்தில் ரோம் நகரின் ஃபோரோ இத்தாலிகோ வளாகத்தில் இத்தாலிய ஓபன் டென்னிஸ் நடக்கிறது. பாரிஸின் பிரெஞ்சு ஓபனுக்கு முன்னால் வரும் கடைசிப் பெரிய செம்மண் போட்டி இது. ஆண்களும் பெண்களும் ஒரே வாரங்களில், ஒரே ஆடுகளங்களில், ஒரே பார்வையாளர்கள் முன் ஆடுகிறார்கள். 2023 முதல் இரு பிரிவுகளிலும் ஒற்றையர் ஆட்டத்துக்கு 96 பேர் இடம்பெறுகிறார்கள். பட்டம் வெல்ல இரு தரப்பும் மூன்று செட் ஆட்டங்களையே ஆட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதைவிடச் சமமான ஏற்பாடு இருக்க முடியாது என்று தோன்றும்.

ஆனால் அதே 2023-இல் ஆண்கள் பட்டம் வென்ற டேனில் மெத்வதேவுக்குச் சுமார் 11 லட்சத்து 5 ஆயிரம் யூரோ கிடைத்தது. பெண்கள் பட்டம் வென்ற எலெனா ரைபாகினாவுக்குக் கிடைத்தது சுமார் 5 லட்சத்து 22 ஆயிரம் யூரோ. பாதிக்கும் குறைவு.

இந்த இடைவெளி எப்படி வந்தது, அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெண்கள் டென்னிஸுக்கு ஈர்ப்பு குறைவு, ஆகவே பணமும் குறைவு என்பது பரவலான விளக்கம். ரோமின் வரலாற்றைக் கால வரிசையில் படித்தால் காரணமும் விளைவும் இடம் மாறி நிற்பதைக் காணலாம். பெண்கள் போட்டியை ஊர் ஊராக அலையவிட்டு, நல்ல நேரத்தையும் இடத்தையும் மறுத்துவிட்டு, பிறகு அதன் ஈர்ப்பு குறைவு என்று கணக்கெழுதினார்கள் என்பதே என் வாதம்.

2. செம்மண் செய்யும் வேலை

பணக் கணக்குக்குப் போகும் முன் தளத்தைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். மற்றத் தளங்களில் எழும் ஒரு வாதம் இங்கே வலுவிழந்து போகிறது.

ஐரோப்பியச் செம்மண் தளம் என்பது உண்மையில் செங்கல் பொடி. கல், சரளை, நிலக்கரிக் கசடு, சுண்ணாம்புக்கல் என்று அடுக்கிய அடித்தளத்தின் மேல் மெல்லிய போர்வையாகச் செங்கல் பொடியைத் தூவி, நீர் தெளித்து, உருளையால் அழுத்துவார்கள். பந்து இதில் விழும்போது உராய்வு அதன் முன்னோக்கிய வேகத்தைத் தின்றுவிடுகிறது. பந்து உயரமாக எழும்புகிறது. புல்தளத்தில் எதிராளியைத் தாண்டிப் பறந்துவிடும் சர்வீஸ் இங்கே அவர் மட்டைக்கு எட்டும் உயரத்தில், எட்டும் நேரத்தில் வந்து நிற்கிறது. சர்வீஸ் ஒன்றாலேயே புள்ளி எடுப்பது அரிதாகிறது. பந்தின் சுழற்சி, ஆழம், கோணம், சறுக்கி ஓடும் கால்கள், பொறுமை ஆகியவையே புள்ளியைத் தீர்மானிக்கின்றன.

ஆண்கள் டென்னிஸே உயர்ந்தது என்பவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது சர்வீஸின் வேகத்தைத்தான். அந்த வேகத்தின் பயன் மிகக் குறைவாகத் தெரியும் தளம் செம்மண். இங்கே புள்ளியைக் கட்டி எழுப்பும் அறிவுக்குத்தான் மதிப்பு. அது இரு பாலருக்கும் பொது. செம்மண்ணில் தொடர்ச்சியான வெற்றிகளின் சாதனை யாருடையது என்று பார்த்தாலும் இது விளங்கும். ரஃபேல் நடால் 2005 முதல் 2007 வரை தொடர்ந்து 81 ஆட்டங்களை வென்றார்; ஆண்களில் அதுவே உச்சம். கிறிஸ் எவர்ட் 1973 ஆகஸ்ட் முதல் 1979 மே வரை தொடர்ந்து வென்றவை 125. அந்த 125-க்கு முற்றுப்புள்ளி விழுந்தது ரோமில்தான். 1979 அரையிறுதியில் டிரேசி ஆஸ்டின் என்ற 16 வயதுப் பெண் மூன்றாவது செட்டின் டைபிரேக்கரில் எவர்ட்டை வீழ்த்தினார்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. பெண்கள் ஆட்டத்தில் சர்வீஸ் எளிதாக முறியடிக்கப்படுகிறது, செம்மண்ணில் அது இன்னும் கூடுகிறது, ஆட்டத்தின் கட்டுக்கோப்பு குலைகிறது என்பார்கள். 2021 இறுதியாட்டத்தில் இகா ஸ்வியாடெக் கரோலினா பிளிஷ்கோவாவை 6-0, 6-0 என்று 46 நிமிடங்களில் வென்றதையும் சுட்டுவார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியில் நடாலும் ஜோகோவிச்சும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆடினார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஓர் ஆண்டின் ஒரு இறுதியாட்டத்தை வைத்து ஒரு பிரிவின் மதிப்பை அளப்பது முறையாகாது. 2025 ஆண்கள் இறுதியில் கார்லோஸ் அல்கராஸிடம் யான்னிக் சின்னர் இரண்டாவது செட்டை 6-1 என்று இழந்தார். அதைக் காட்டி ஆண்கள் பரிசைக் குறைக்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை.

3. 1970: அறுநூறு டாலர்

இத்தாலியப் போட்டி 1930-இல் மிலான் நகரில் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே ஆண்கள், பெண்கள் இரு பிரிவுகளும் இருந்தன. ஆண்கள் பட்டம் அமெரிக்காவின் பில் டில்டனுக்கு, பெண்கள் பட்டம் ஸ்பெயினின் லிலி தெ அல்வாரெஸுக்கு. 1935-இல் போட்டி ரோமுக்கு மாறியது. முசோலினி ஆட்சி தன் பெருமையைப் பறைசாற்றக் கட்டிய விளையாட்டு வளாகம் அதன் இடமானது. அப்போது அதன் பெயரே ஃபோரோ முசோலினி. பளிங்கு வீரர்களின் சிலைகள் சூழ்ந்த அந்தப் பழைய ஆடுகளம் இன்று இத்தாலிய டென்னிஸ் வீரர் நிக்கோலா பியத்ராஞ்ஜெலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சிலைகள் அனைத்தும் ஆண்கள். 1935-க்குப் பின் நின்றுபோன போட்டி 1950-இல் மீண்டும் தொடங்கியது.

நம் கேள்விக்கு முக்கியமான ஆண்டு 1970. தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொள்ளும் காலம் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பரிசுப் பணம் அப்போதுதான் வெளிப்படையாகக் கைமாறத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு ரோமில் ஆண்கள் பட்டம் வென்ற இலியே நஸ்தாஸே பெற்றது 3,500 டாலர். பெண்கள் பட்டம் வென்ற பில்லி ஜீன் கிங் பெற்றது 600 டாலர். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

கிங் இறுதியில் வென்றது முந்தைய ஆண்டின் சாம்பியன் ஜூலி ஹெல்ட்மனை. ஜூலியின் தாய் கிளாடிஸ் ஹெல்ட்மன் அமெரிக்காவில் ஒரு டென்னிஸ் இதழின் ஆசிரியர். சில மாதங்களில் ஜாக் கிராமர் நடத்திய லாஸ் ஏஞ்சலிஸ் போட்டியில் ஆண்கள் வெற்றியாளருக்கு 12,500 டாலரும் பெண்களுக்கு 1,500 டாலரும் என்று அறிவித்தபோது, கிளாடிஸ் ஹெல்ட்மன் ஹூஸ்டனில் பெண்களுக்கென்று தனிப் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். 1970 செப்டம்பரில் ஒன்பது பெண்கள் ஆளுக்கு ஒரு டாலருக்கு அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். கிங்கும் ஜூலியும் அந்த ஒன்பது பேரில் இருந்தனர். அந்தக் கலகத்திலிருந்து பிறந்ததே 1973-இன் பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. அதே ஆண்டில் அமெரிக்க ஓபன் இரு பாலருக்கும் சமப் பரிசு அறிவித்தது.

வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஹூஸ்டனிலிருந்து தொடங்குகிறார்கள். ரோமின் 600 டாலரும் அந்தக் கதையின் முன்பகுதிதான். இறுதியாட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவரும் அதே கலகத்தில் ஒரே பக்கம் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் 1973-லேயே தீர்ந்த கணக்கு ரோமில் அரை நூற்றாண்டு தாண்டியும் தீரவில்லை என்பது கவனத்துக்குரியது.

4. பெரூஜாவும் தாரந்தோவும்

1970-களின் ரோம் கூட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் இத்தாலிய வீரர் அத்ரியானோ பனாத்தாவைச் சுற்றி. 1976-இல் அவர் முதல் சுற்றில் கிம் வார்விக்கிடம் 11 மேட்ச் பாயின்ட்டுகளிலிருந்து தப்பி, இறுதியில் கியெர்மோ விலாஸை வென்று பட்டம் எடுத்தார். அதே ஆண்டு பாரிஸிலும் வென்றார். 1978-இல் கூட்டத்தின் தொல்லை தாங்காமல் ஹொசே ஹிகெராஸ் பனாத்தாவுக்கு எதிரான அரையிறுதியிலிருந்து வெளியேறினார். இறுதியில் பியோன் போர்க் மீது காசுகள் வீசப்பட்டன. ரோம் என்றால் பனாத்தாவின் கோட்டை என்ற உருவம் இப்படித்தான் நிலைத்தது.

பெண்கள் பிரிவின் நிலை வேறு. 1979-இல் எவர்ட்டின் 125 வெற்றிகள் ரோமில் முடிவுக்கு வந்தன என்று மேலே சொன்னேன். டென்னிஸ் வரலாற்றிலேயே பெரிய நிகழ்வுகளில் ஒன்று அது. அடுத்த ஆண்டே பெண்கள் போட்டி ரோமிலிருந்து வெளியேறிவிட்டது. 1980 முதல் 1984 வரை பெரூஜாவில். 1985-இல் தெற்கே தாரந்தோவில். 1986-இல் போட்டியே நடக்கவில்லை. 1987-இல்தான் ரோமுக்குத் திரும்பியது.

ஒரு போட்டியின் மதிப்பு அதன் இடத்தோடும் தொடர்ச்சியோடும் பிணைந்தது. பார்வையாளர் அதே வாசல், அதே படிக்கட்டு, அதே மாதம் என்று ஆண்டுதோறும் பழகுகிறார். தந்தை மகளை அழைத்து வருகிறார். விளம்பரதாரர் அதை நம்பிப் பணம் போடுகிறார். ஏழு ஆண்டுகள் இந்தத் தொடர்ச்சி அறுந்தது. தாரந்தோவில் 1985-இல் இத்தாலியப் பெண்ணான ரஃபாயெல்லா ரெஜ்ஜி பட்டம் வென்றார். தலைநகரின் கூட்டத்துக்கு முன் வென்றிருந்தால் அந்த வெற்றி என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அதன் பின் ஓர் இத்தாலியப் பெண் இந்தப் பட்டத்தை வெல்ல 40 ஆண்டுகள் ஆயின.

1987-இல் ரோம் திரும்பியதும் ஸ்டெஃபி கிராஃப் வென்றார். அடுத்து கப்ரியேலா சபாத்தினி நான்கு முறை வென்றார். இத்தாலிய வேர்கள் கொண்ட அர்ஜென்டினாக்காரரான அவரை ரோம் மக்கள் தங்கள் பெண்ணாகவே கொண்டாடினார்கள். கொன்சிதா மார்த்தினெஸ் 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு முறை. கூட்டம் வரவில்லை என்று சொல்ல முடியாத ஆண்டுகள் இவை. ஆனாலும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனி வாரங்களே ஒதுக்கப்பட்டன. இரண்டும் ஒரே வாரத்தில் இணைந்தது 2011-இல்.

5. மூன்று வாதங்கள்

பரிசு வேறுபாட்டுக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ஆண்கள் ஐந்து செட் ஆடுகிறார்கள் என்பது. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளைப் பற்றிய விவாதத்திலிருந்து இது ரோமுக்கும் இடம்பெயர்ந்திருக்கிறது. ரோமில் ஆண்கள் இறுதியாட்டம் ஐந்து செட்டாக இருந்தது 2006 வரை மட்டுமே. அந்த ஆண்டு நடாலும் ஃபெடரரும் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக ஆடினார்கள். நடால் இரண்டு மேட்ச் பாயின்ட்டுகளிலிருந்து தப்பி வென்றார். களைத்துப்போன இருவரும் அடுத்து நடக்கவிருந்த ஹாம்பர்க் போட்டியிலிருந்து விலகினார்கள். 2007 முதல் ரோம் இறுதி மூன்று செட்டாக்கப்பட்டது. அன்றோடு இந்த வாதம் செத்திருக்க வேண்டும். பரிசு வேறுபாடோ மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. வேலையின் அளவு அல்ல, வேறு ஏதோ ஒன்று இந்த இடைவெளியைத் தாங்கி நின்றது என்பதற்கு இதுவே போதிய சான்று.

இரண்டாவது, நிர்வாக வகைப்பாடு. 2009-இல் டபிள்யூ.டி.ஏ. தன் பெரிய போட்டிகளை இரு தட்டுகளாகப் பிரித்தது. மாட்ரிட் மேல்தட்டில் அமர்ந்து சமப் பரிசு வழங்கியது. ரோம் அதற்கு அடுத்த தட்டில் வைக்கப்பட்டது. அங்கே பரிசும் குறைவு, சமமாகத் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்களின் ஏ.டி.பி. அமைப்பிலோ ரோமும் மாட்ரிட்டும் ஒரே ‘மாஸ்டர்ஸ் 1000’ தட்டு. 2023 வரை ரோம் ஏற்பாட்டாளர்கள் விதியை மீறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பழியில் ஒரு பங்கு பெண்கள் சங்கத்துக்கும் உண்டு. போட்டிகளைத் தட்டுகளாகப் பிரித்ததன் மூலம் குறைவாகக் கொடுப்பதற்கு அதுவே ஒரு சட்டப் போர்வை தந்துவிட்டது. ஆனால் கட்டாயமில்லை என்பது தடை என்று ஆகாது. விரும்பியிருந்தால் கொடுத்திருக்கலாம்.

மூன்றாவது, சந்தை. இதுதான் கடினமான வாதம். ஏ.டி.பி.யும் டபிள்யூ.டி.ஏ.யும் தனித்தனி அமைப்புகள். ஒளிபரப்பு உரிமைகளைத் தனித்தனியாக விற்கின்றன. ஆண்கள் தரப்பின் வருவாய் பெரிது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இணைந்த போட்டியில் வாசலில் விற்கும் சீட்டு ஒன்றுதான். மைய அரங்கில் ஒரு பகலுக்குச் சீட்டு வாங்கியவர் ஒரு பெண்கள் ஆட்டத்தையும் ஓர் ஆண்கள் ஆட்டத்தையும் பார்க்கிறார். அவர் காசில் எவ்வளவு யாருக்காக என்று பிரிக்க எந்தக் கணக்காளராலும் இயலாது.

இத்தாலியின் சொந்த அனுபவம் சந்தை வாதத்துக்கு இன்னும் பெரிய இடைஞ்சல். 2006, 2009, 2010, 2013 ஆகிய நான்கு ஆண்டுகளில் இத்தாலியப் பெண்கள் அணி ஃபெட் கோப்பையை வென்றது. 2010-இல் ஃபிரான்செஸ்கா ஸ்கியவோனே பாரிஸில் பட்டம் வென்றார். சாரா எர்ரானி 2012-இல் பாரிஸிலும் 2014-இல் ரோமிலும் இறுதிக்கு வந்தார். 2015 அமெரிக்க ஓபன் இறுதியில் நின்ற ஃபிளாவியா பென்னெத்தா, ரொபெர்த்தா வின்சி இருவருமே இத்தாலியர்கள். அந்தப் பத்தாண்டுகளில் இத்தாலிய ஆண்கள் யாரும் இதற்கு அருகில்கூட இல்லை. இத்தாலிய டென்னிஸைத் தோளில் சுமந்தவர்கள் பெண்கள். சொந்த நாட்டு நட்சத்திரங்களே சந்தையைத் தீர்மானிக்கிறார்கள் என்றால், அந்த ஆண்டுகளில் ரோமில் பெண்களின் பரிசு ஆண்களுடையதைத் தாண்டியிருக்க வேண்டாமா? தாண்டவில்லை, எட்டவும் இல்லை. சந்தை ஆண்களுக்குச் சாதகமாக இருக்கும்போது அதை மேற்கோள் காட்டினார்கள். பெண்களுக்குச் சாதகமாகத் திரும்பியபோது பேசாமல் இருந்தார்கள்.

6. இரவு பதினொரு மணி

பணத்தைப் போலவே நேரமும் ஒரு செல்வம். எந்த ஆட்டம் எந்த அரங்கில், எத்தனை மணிக்கு என்று தீர்மானிப்பவரே எந்த ஆட்டத்தை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதையும் தீர்மானிக்கிறார்.

2023 மே 20, சனிக்கிழமை. இரண்டு வாரப் போட்டியாக விரிந்த முதல் ஆண்டு அது. பெண்கள் இறுதியாட்டம் அன்று. ஆண்கள் இறுதி ஞாயிறன்று. மழை குறுக்கிட்டது. ஆண்கள் அரையிறுதி ஆட்டங்களை அன்றே முடித்தாக வேண்டும். மெத்வதேவுக்கும் சிட்சிபாஸுக்கும் இடையிலான ஆட்டம் தடைப்பட்டுத் தடைப்பட்டு நீண்டது. ரைபாகினாவும் உக்ரைனின் அன்ஹெலினா கலினினாவும் தங்கள் இறுதியாட்டத்துக்குக் காத்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கியபோது இரவு 11 மணி. முந்தைய சுற்றுகளில் நெடுநேரம் ஆடிக் களைத்திருந்த கலினினா, 6-4, 1-0 என்று பின்தங்கியிருந்தபோது தொடையில் காயத்தோடு விலகினார். பெண்கள் டென்னிஸின் பெரிய பட்டங்களில் ஒன்று நள்ளிரவு வேளையில், கலைந்துகொண்டிருந்த அரங்கில், பாதியில் முடிந்தது.

மழையை யாரும் வரவழைக்கவில்லை. ஆனால் மழை பெய்தபோது யார் காத்திருக்க வேண்டும் என்று முடிவெடுத்தது மனிதர்கள். ஓர் அரையிறுதிக்காக ஓர் இறுதியாட்டம் காத்திருந்தது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பெண்கள் அரையிறுதி முடியட்டும் என்று ஆண்கள் இறுதியாட்டத்தை இரவு 11 மணிக்குத் தள்ளியிருப்பார்களா? அடுத்த நாள் ஆண்கள் இறுதி ஆட வேண்டியவர்களுக்கு ஓய்வு தேவை என்பது நியாயமான பதில்தான். ஆனால் அந்த ஓய்வின் விலையைச் செலுத்தியவர்கள் இரண்டு பெண்கள். ஓர் ஆண்டுக்கு முன், 2022-இல், இரு இறுதியாட்டங்களும் ஒரே ஞாயிறன்று நடந்திருந்தன. போட்டி நீண்டபோது பெண்கள் இறுதியே சனிக்கிழமைக்குப் போனது. ஆண்கள் அரையிறுதியோடு ஒரே நாளைப் பகிரும் நெருக்கடி அந்த ஏற்பாட்டிலேயே இருந்தது.

7. மாட்ரிட்டும் பாரிஸும்

பரிசு சமமாகிவிட்டால் மற்றதும் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை மற்ற இரண்டு செம்மண் போட்டிகளும் குலைக்கின்றன.

மாட்ரிட்டில் பரிசு சமம். அங்கே அதே 2023 மே மாதத்தில் பெண்கள் இரட்டையர் பட்டம் வென்ற விக்டோரியா அசரென்கா, பெயாட்ரிஸ் ஹத்தாத் மயா இணைக்கும், தோற்ற கோகோ காஃப், ஜெசிகா பெகுலா இணைக்கும் பரிசளிப்பு மேடையில் பேச வாய்ப்பு தரப்படவில்லை. கடும் கண்டனத்துக்குப் பிறகு ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

பாரிஸிலும் 2007 முதல் பரிசு முழுமையாகச் சமம். 2021-இல் அங்கே இரவு ஆட்டம் அறிமுகமானது. ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம். 2025 வரையான ஐந்து ஆண்டுகளில் அந்த இடம் பெண்கள் ஆட்டத்துக்குக் கிடைத்தது நான்கே முறை. 2024, 2025 இரு ஆண்டுகளிலும் ஒன்றுகூட இல்லை. மூன்று செட் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டால் சீட்டு வாங்கியவர் ஏமாறுவார் என்பது ஏற்பாட்டாளர் தரப்பு. அப்படியானால் இரவுக்கு இரண்டு ஆட்டங்கள் வைக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் வைக்கிறார்கள். பாரிஸ் போட்டியின் இயக்குநர் அமேலி மொரெஸ்மோ முன்னாள் முதல்நிலை வீராங்கனை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைமையில் ஒரு பெண் இருப்பதாலேயே பழக்கம் மாறிவிடுவதில்லை. ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் இழுப்பு அவ்வளவு வலிது.

8. 2025-க்குப் பின்

ரோமில் பணக் கணக்கு வேகமாக மாறி வருகிறது. 2024-இல் பெண்கள் சாம்பியன் ஸ்வியாடெக் சுமார் 7 லட்சம் யூரோவும், ஆண்கள் சாம்பியன் அலெக்ஸாண்டர் ஸ்வெரேவ் சுமார் 9 லட்சத்து 63 ஆயிரமும் பெற்றார்கள். 2025-இல் ஜாஸ்மின் பாவோலினிக்கு 8 லட்சத்து 77 ஆயிரம். கார்லோஸ் அல்கராஸுக்கு 9 லட்சத்து 85 ஆயிரம். 1970-இல் ஆறில் ஒரு பங்காக இருந்தது 2023-இல் பாதியை நெருங்கி, இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பங்காகிவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் நடக்காதது இரண்டு ஆண்டுகளில் நடக்க முடிந்தது என்றால், தடையாக இருந்தது சந்தையின் இயற்கை விதி எதுவுமல்ல. 2023 ஜூனில் டபிள்யூ.டி.ஏ. 2027-க்குள் இணைந்த பெரிய போட்டிகளில் சமப் பரிசு என்ற இலக்கை அறிவித்தது. அழுத்தம் வந்ததும் பணமும் வந்தது.

பாவோலினி 2025-இல் காஃபை நேர் செட்டுகளில் வென்று, ரெஜ்ஜிக்குப் பிறகு இந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இத்தாலியப் பெண்ணானார். எர்ரானியோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் தக்கவைத்துக்கொண்டார். ரெஜ்ஜிக்கு வாய்க்காத தலைநகரக் கூட்டம் அவருக்கு வாய்த்தது. ஆண்கள் இறுதியிலும் ஓர் இத்தாலியர், யான்னிக் சின்னர், ஆடித் தோற்றார். அந்த ஆண்டு ரோமில் ஒற்றையரில் உள்ளூர்ச் சாம்பியன் ஒருவரே, அவர் பெண், அவருடைய இறுதியாட்டம் சனிக்கிழமை.

பரிசு முழுமையாகச் சமமான பிறகும் ஆட்ட அட்டவணை பேசப்படாமலே இருக்கும் என்று அஞ்சுகிறேன். அதற்கு ஒரு எளிய வழி உண்டு: ஓர் ஆண்டு ஆண்கள் இறுதி ஞாயிறு, மறு ஆண்டு பெண்கள் இறுதி ஞாயிறு என்று மாற்றி மாற்றி வைக்கலாம். மழை வந்தால் எந்தப் பிரிவானாலும் இறுதியாட்டத்துக்கே முன்னுரிமை என்று விதியில் எழுதலாம். இரண்டுக்கும் கூடுதல் யூரோ ஒன்றும் தேவையில்லை. ஐந்தாறு ஆண்டுகள் அப்படி நடந்த பிறகு இரு ஞாயிறுகளின் சீட்டு விற்பனையையும் ஒளிபரப்புப் பார்வையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். பெண்கள் டென்னிஸின் ஈர்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு ரோமில் நேர்மையான ஓர் அளவீடு அப்போதுதான் முதல்முறையாகக் கிடைக்கும்.